கட்டளைக் குறியின் முன்னால்: எழுத்துப் புதிர் விளையாட்டில் வாசிப்பவரின் பங்கு

திரையில் ஓர் அறையைப் பற்றி நான்கைந்து வாக்கியங்கள் வருகின்றன. என்னென்ன பொருள்கள் கிடக்கின்றன, எந்தத் திசையில் வழி போகிறது, யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே ஒரு வெற்று வரி, அதன் தொடக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி. என்ன செய்யலாம் என்ற பட்டியலோ அழுத்துவதற்குப் பொத்தானோ கிடையாது. அடுத்து நடக்கவேண்டியதை நாமே யோசித்து, நாமே சொல்லாக்கி, தட்டச்சு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கதை அங்கேயே நிற்கும்.

டெக்ஸ்ட் அட்வெஞ்சர் என்றும் பின்னாளில் இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் என்றும் அழைக்கப்பட்ட இந்த வகை விளையாட்டுகள் 1970களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றின. 1980களின் முதல் பாதியில் கணினிக் கடைகளில் பெரிய அளவில் விற்றன. படம் காட்டும் கணினிகள் மலிந்ததும் சந்தையிலிருந்து மறைந்தன. ஆனால் எழுதப்படுவதும் ஆடப்படுவதும் இன்றுவரை நிற்கவில்லை. இவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கதை ஒருபுறம், புதிர் மறுபுறம் என்று பிரித்தே பேசுகிறார்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது புதிர் வந்து வழியை மறிக்கும், அவிழ்த்தால் கதை மறுபடி ஓடும் என்பது அவர்கள் கணக்கு. மோசமான விளையாட்டுகளுக்கு இது பொருந்தும். சிறந்தவற்றில் புதிர்தான் வாசிப்பு. அதுவரை சொல்லப்பட்டதை நாம் சரியாகப் புரிந்துகொண்டோம் என்பதற்கு அங்கே ஒரே சான்று, கதைமாந்தர் செய்யும் செயல். அந்தச் செயல் நம் விரல்களிலிருந்து வர வேண்டும். நாவலில் துப்பறிவாளருக்கு விடை புலப்படும் பக்கத்தை நாம் பின்தொடர்ந்து படிக்கிறோம். இங்கே நமக்குப் புலப்படாதவரை அந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்த வகையின் முதல் படைப்பு உண்மையான ஒரு குகையிலிருந்து வந்தது. வில் க்ரௌதர் என்ற நிரலாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவரும் அவர் மனைவி பாட்ரிஷியாவும் குகை ஆய்வில் தோய்ந்தவர்கள். கென்டக்கி மாநிலத்தின் ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைத்தொடர் அருகிலிருக்கும் மம்மத் குகையோடு இணைகிறது என்பதை 1972 செப்டம்பரில் உறுதிசெய்த குழுவில் பாட்ரிஷியா இருந்தார். அளவெடுத்த தரவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவதில் க்ரௌதர் உதவினார். பின்னர் அவர்களுக்கு மணமுறிவு ஏற்பட்டது. மகள்கள் வந்து தங்கும் நாள்களில் அவர்கள் விளையாடவென்று, 1975-76 வாக்கில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். தான் நடந்து அறிந்த பெட்குவில்ட் பகுதியின் அறைகளையும் வழிகளையுமே அதில் விவரித்தார்.

ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் இருந்த டான் வூட்ஸின் கண்ணில் அந்த நிரல் பட்டது. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாததால், வலையமைப்பில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் 'க்ரௌதர்' என்ற பெயரிட்டு மின்னஞ்சல் அனுப்பித் தேடினார். அனுமதி பெற்று, மேலும் பல புதையல்களையும் பூதத்தையும் டிராகனையும் மதிப்பெண் முறையையும் சேர்த்து 1977இல் அவர் விரித்த பதிப்பே 'அட்வெஞ்சர்', 'கொலாசல் கேவ்' என்ற பெயர்களில் உலகெங்கும் பரவியது. க்ரௌதரின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் வூட்ஸின் பழைய கணக்கின் காப்புப் பிரதியில் அது கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஜெர்ஸ் அந்த நிரலையும் கென்டக்கிக் குகையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் நான் படித்த மிகச் சிறந்த ஆய்வுகளில் ஒன்று. ஒரு கணினி விளையாட்டைப் புரிந்துகொள்வதற்காகத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் இறங்க வேண்டியிருந்தது என்பதிலேயே இந்த வகையின் பிறப்பைப் பற்றி நிறையத் தெரிகிறது.

அட்வெஞ்சரில் இரண்டு புதிர்களைச் சற்று நின்று பார்க்கலாம். முதலாவது, குகைக்குள் பாடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பறவை. வழியில் நாம் ஒரு கூண்டைக் கண்டெடுத்திருப்போம், முனையில் துருப்பிடித்த நட்சத்திரம் பதித்த ஒரு கருங்கோலையும் எடுத்து வைத்திருப்போம். பறவையைப் பிடிக்கப் போனால், முதலில் அச்சமில்லாமல் இருந்த அது நாம் நெருங்கியதும் கலவரப்படுகிறது என்று விளையாட்டு சொல்லும். ஏன் என்று சொல்லாது. பறவை அஞ்சுவது நம்மைப் பார்த்து அல்ல, நம் கையில் உள்ள கோலைப் பார்த்து என்று ஊகித்து, கோலைக் கீழே வைத்துவிட்டுப் போனால் பறவை கூண்டுக்குள் வந்துவிடும். அப்பால் வழியை அடைத்துக் கிடக்கும் பாம்பை அந்தப் பறவையே விரட்டும். விளையாட்டுகள் எல்லாம் பொருள்களைச் சேர்க்கச் சேர்க்க வலிமை கூடும் என்று நம்மைப் பழக்கியிருக்கின்றன. இங்கே கையிலிருப்பதை விடுவதுதான் வழி. அந்த வழியைக் காட்டுவது விவரிப்பில் வரும் ஒரே ஒரு குறிப்பு: முதலில் அச்சமில்லை, பிறகு கலவரம். அந்த வாக்கியத்தை மேலோட்டமாகக் கடந்தவருக்கு விடை கிடைக்காது.

இரண்டாவது, கம்பளத்தின் மேல் படுத்திருக்கும் டிராகன். அதைக் கொல் என்று கட்டளையிட்டால், எதைக்கொண்டு, வெறுங்கையாலா என்று நிரல் ஏளனமாகத் திருப்பிக் கேட்கும். பிழைச்செய்தி என்று எண்ணி எல்லோரும் ஆயுதம் தேடப் போய்விடுவார்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொன்னால் போதும், டிராகன் செத்துவிழும். நம்மோடு பேசிக்கொண்டிருக்கும் குரல் வெறும் எந்திரம், அதன் சொற்களுக்கு விடை சொல்ல வேண்டியதில்லை என்று அதுவரை நாம் கொண்டிருந்த எண்ணத்தை அந்த ஒற்றைச் சொல் உடைத்துவிடுகிறது. கதைசொல்லியும் விளையாட்டின் பாத்திரமே என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய இடம் அதற்குப் பிறகும் அதிகமில்லை. 1977இல் எழுதப்பட்டது இது.

அட்வெஞ்சர் பரவிய அதே ஆண்டில், எம்ஐடி கணினி அறிவியல் கூடத்தில் மார்க் பிளாங்க், டேவ் லெப்ளிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ் ஆகிய நால்வர் அதை விஞ்சும் நோக்கத்தோடு 'ஸோர்க்' எழுதத் தொடங்கினார்கள். க்ரௌதரின் நிரல் இரண்டு சொல் கட்டளைகளை மட்டுமே அறிந்தது, அவற்றிலும் முதல் ஐந்து எழுத்துகளைத்தான் பார்த்தது. ஸோர்க் முழு வாக்கியத்தைப் பிரித்தறிந்தது. எதை, எதில், எதைக்கொண்டு என்றெல்லாம் அதனிடம் சொல்ல முடிந்தது. கட்டளையைப் பிரித்துப் பொருள் காணும் இந்தப் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். 1979இல் இன்ஃபோகாம் நிறுவனம் தொடங்கப்பட்டது. எம்ஐடியின் பெரிய கணினியில் ஓடிய விளையாட்டு அக்காலத்து வீட்டுக் கணினிகளுக்குள் அடங்காது. ஆகவே ஜோயல் பெரெஸும் பிளாங்கும் இஸட்-மெஷின் என்ற கற்பனைக் கணினியை வடிவமைத்தார்கள். கதைக் கோப்பு ஒன்றுதான். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் அதைப் படித்து இயக்கும் சிறு நிரலை மட்டும் தனியாக எழுதினால் போதும். 1980இல் விற்பனைக்கு வந்த ஸோர்க் முதல் பாகத்தின் கதைக் கோப்பு இன்று கைப்பேசியிலும் ஓடுவதற்கு இந்த முடிவே காரணம். அக்காலத்து மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

ஸோர்க்கில் ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் படிக்கட்டை மறித்து நிற்பான். மிளகாய் வைத்த உணவைக் கொடுத்து, தாகமெடுக்கச் செய்து, தண்ணீர் கொடுத்துத் தூங்கவைக்கலாம். இன்னொரு வழி, ஹோமரின் காவியத்தில் அவன் இனத்தானைக் குருடாக்கிய ஒடிசியஸின் பெயரைச் சொல்வது. சொன்னதும் அரக்கன் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவான். கிரேக்கக் கதை தெரியாதவரின் கதி என்ன? விளையாட்டுக்குள் கிடைக்கும் ஒரு கறுப்பு நூலில் சமயக் கட்டளை போன்ற பகுதி ஒன்று வரும். அதன் வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் அந்தப் பெயர் வந்துவிடும். கல்வியால் ஒரு வழி, கவனத்தால் ஒரு வழி, உலகறிவால் ஒரு வழி என மூன்று வகை வாசகருக்கும் கதவு திறந்திருக்கிறது. இதைத்தான் நேர்மையான புதிர் என்பேன்.

1981இல் வந்த ஸோர்க் இரண்டாம் பாகம் இதற்கு நேரெதிரான உதாரணத்தையும் கொடுத்தது. கோணல்மாணலான அறைகள் அடங்கிய ஒரு புதிர்ப்பாதை. தரையில் வைர வடிவச் சாளரங்கள் ஒளிரும். அங்கே ஒரு கட்டையும் கிடைக்கும். அது பேஸ்பால் மைதானம் என்று கண்டுகொண்டு, ஓட்டக்காரர் ஓடும் வரிசையில் அறைகளைச் சுற்றிவர வேண்டும். பேஸ்பால் ஆடாத நாட்டில் பிறந்தவருக்கு அந்த அறைகள் என்றென்றும் வெற்றுக் கோணல்கள்தான். ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரஹாம் நெல்சன் 1995இல் எழுதிய 'தி கிராஃப்ட் ஆஃப் அட்வெஞ்சர்' கட்டுரையில் விளையாடுபவரின் உரிமைப் பட்டியல் ஒன்று உண்டு. எச்சரிக்கையின்றிக் கொல்லப்படாதிருத்தல், நடக்க வாய்ப்பில்லாத செயல்களைச் செய்யும்படி நேராதிருத்தல் போன்றவற்றோடு, குறிப்புகளைப் புரிந்துகொள்ள அமெரிக்கராய் இருக்கத் தேவையில்லாதிருத்தல் என்பதும் ஓர் உரிமையாக அதில் இடம்பெறுகிறது. ஆங்கிலம் பேசும் உலகுக்குள்ளேயே எழுந்த குரல் அது. வேறு மொழியிலிருந்து வரும் வாசகர்களான நாம் அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியவர்கள்.

புதிர் வாசிப்பாக இருக்க வேண்டுமென்றால் விடைக்குரிய குறிப்பு படித்த பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து 1984இல் ஆக்கிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' இந்த எல்லையின் மேலேயே நடக்கிறது. விண்கலத்தில் ஓர் எந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் பேபல் மீன் பாய்ந்து வரும். அதைக் காதில் வைத்துக்கொண்டால்தான் அயல்மொழிகள் புரியும். ஆனால் மீன் எதிர்ச்சுவரின் துளைக்குள் போய்விடும். துளையை மறைக்கும்படி கொக்கியில் அங்கியை மாட்டினால் மீன் சாக்கடைத் துவாரத்தில் விழும். துண்டால் அதை மூடினால் துப்புரவு எந்திரம் ஒன்று விரைந்துவந்து மீனைத் தூக்கிச் செல்லும். அதன் வழியில் பையை வைத்து மறித்தால் இன்னோர் எந்திரம் வரும். பையின் மேல் பயனற்ற விளம்பரத் தபால்களைக் குவித்து அந்த எந்திரத்தைத் திசைதிருப்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் தோல்வியே அடுத்த குறிப்பைத் தருகிறது. அதனால் இது அழகான புதிர். அந்தத் தபால்களைப் பூமி அழிவதற்கு முன்பே வீட்டு வாசலில் எடுத்திருக்க வேண்டும். எடுக்காதவர் திரும்பிப் போக வழியில்லை, தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும். அதனால் இது கொடுமையான புதிர். அன்றைய வாசகர்கள் இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள், மீனைப் பிடித்ததைப் பெருமையாகவும் பேசினார்கள். இன்று எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்வதில்லை. நல்ல மாற்றம்தான்.

இன்னொரு குறை இந்த வகையின் உடன்பிறப்பு. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது, எந்த வினைச்சொல்லில் சொன்னால் நிரலுக்குப் புரியும் என்பது தெரியவில்லை. திருகு, முறுக்கு, சுழற்று, திருப்பு என்று வரிசையாக முயன்று பார்க்க வேண்டிய நிலை. புரிதல் செயலாகும் அந்தக் கணத்தில் அகராதி குறுக்கே நிற்கிறது. தமிழில் இப்படியொரு விளையாட்டை எழுத நினைப்பவர் முதலில் மோதவேண்டிய சுவரும் இதுவே.

ஆங்கிலப் பார்சர் வினைச்சொல் முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது, பொருள்களுக்கிடையே உள்ள உறவைச் சொற்களின் வரிசையாலும் முன்னிடைச் சொற்களாலும் அறிகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்கும். 'சாவியால் கதவைத் திற' என்றாலும் 'கதவைச் சாவியால் திற' என்றாலும் பொருள் ஒன்றே, ஏனென்றால் உறவைச் சொல்வது வேற்றுமை உருபு. இது நமக்குச் சாதகம். வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் உருபைப் பார்த்தே எது கருவி, எது செயப்படுபொருள் என்று நிரல் கண்டுகொள்ளும். பாதகம், அந்த உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு சொல்லையே மாற்றுவது. மரம் மரத்தை ஆகும், ஆடு ஆட்டை ஆகும், கல் கல்லை ஆகும். பழைய விளையாட்டுகள் இடத்தை மிச்சப்படுத்தச் சொல்லின் முதல் சில எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டன. தமிழில் அப்படி வெட்டினால் விளக்கு என்பது மிஞ்சும், விளக்கையா விளக்கிலா என்பது போய்விடும். மேலும் விளையாடுபவர் ஒற்றெழுத்தைப் போட்டும் எழுதுவார், போடாமலும் எழுதுவார். 'கதவை திறக்கவும்' என்பார் ஒருவர், 'கதவ தொற' என்பார் இன்னொருவர். இவை எதுவும் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. உருபனியல் பகுப்பாய்வு இன்று தமிழுக்கு நன்றாகவே செய்யப்படுகிறது. ஒரு விளையாட்டுக்கு வேண்டிய சில நூறு சொற்களுக்கு எல்லா வடிவங்களையும் கையாலேயே பட்டியலிடவும் முடியும். செய்யவேண்டிய வேலை நிறைய என்பதால் தமிழில் முயல்வோர் இணைப்பைச் சொடுக்கிக் கிளைபிரியும் கதைகளின் பக்கம் போவது இயல்பு. க்றிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் அதற்கு எளிய கருவி, யூனிகோடு எழுத்தில் எந்த மொழியும் அதில் ஏறும். அதில் அருமையான கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சொடுக்கும் கதையில் விடை ஏற்கெனவே திரையில் எழுதப்பட்டிருக்கும். கண்டுபிடிக்கவேண்டிய இடத்தில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். டிராகனைப் பார்த்து 'ஆம்' என்று சொல்லும் வாய்ப்பை ஒரு பட்டியலில் வைத்தால் அந்தப் புதிரே இல்லை.

மெரெட்ஸ்கியின் முதல் விளையாட்டான 'பிளானட்ஃபால்' 1983இல் வந்தது. ஆளில்லாத ஒரு கோளில் அகப்பட்டவருக்குத் துணையாக ஃப்ளாய்ட் என்ற குழந்தைத்தனமான ரோபோ வாய்க்கும். ஓயாமல் பேசும், விளையாடக் கூப்பிடும், புதிர் அவிழ்ப்பதற்கு இடைஞ்சலாகக்கூடத் தோன்றும். பிற்பகுதியில் ஓர் ஆய்வகத்துக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துவர வேண்டும். உள்ளே கொடிய உயிர்கள் திரிகின்றன, மனிதர் நுழைந்தால் சாவுதான். ஃப்ளாய்ட் தானாக முன்வரும். நாம் கதவைத் திறக்க வேண்டும், அது உள்ளே போனதும் மூட வேண்டும், தட்டும்போது மறுபடி திறக்க வேண்டும். அட்டையோடு வெளியே வரும் ரோபோ சிதைந்து, நம் மடியில் ஓய்ந்துபோகும்.

திரையில் வெறும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த பலரை அந்தக் காட்சி அழவைத்தது. ஃப்ளாய்ட் தானாக முன்வருவதால் இதில் நம் பொறுப்பு எதுவுமில்லை என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவைத் திற, கதவை மூடு என்று எழுதியவர் நாம். உள்ளே சண்டை நடக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போது வெற்று வரி நமக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் என்ன எழுதுவது? புதிருக்கு விடை கிடைத்துவிட்ட நிறைவும் இழப்பும் ஒரே கட்டளையில் வந்து சேர்கின்றன. படமும் குரலும் கொண்ட விளையாட்டுகள் இதன்பின் எத்தனையோ மரணங்களைக் காட்டியிருக்கின்றன. அவற்றில் பலவும் நம் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு காட்சியாக ஓடுபவை.

இன்ஃபோகாம் 1985இல் 'கார்னர்ஸ்டோன்' என்ற தரவுத்தள மென்பொருளில் பெரும்பணம் போட்டு இழந்தது, 1986இல் ஆக்டிவிஷனுக்குக் கைமாறியது, 1989இல் மூடப்பட்டது. வணிகக் கதை அவ்வளவுதான். அதற்குப் பின் நடந்ததே இங்கே முக்கியம். ஆர்வலர்கள் இஸட்-மெஷினின் உள்ளமைப்பை ஆராய்ந்து அறிந்தார்கள். நெல்சன் 1993இல் இன்ஃபார்ம் என்ற நிரல்மொழியை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் அந்தக் கற்பனைக் கணினிக்குக் கதை எழுதலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தார். 1995 முதல் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. விற்க வேண்டிய கட்டாயம் போனதும் எழுதுபவர்கள் வடிவத்தையே கேள்வி கேட்கத் துணிந்தார்கள். பத்து மணி நேரத்துக்கு இழுக்கப் புதிர் வேண்டும் என்ற தேவை இல்லாதபோது, புதிர் எதற்கு?

ஆடம் கேட்ரேயின் 'ஃபோட்டோபியா' 1998ஆம் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றது. அதில் புதிர் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுதான். விண்வெளி உடை அணிந்த நாம் படிகச் சுவர்களால் ஆன புதிர்ப்பாதையில் சிக்கிக்கொள்கிறோம். பழகிய ஆட்டக்காரர்கள் வழக்கப்படி தாளில் வரைபடம் போடத் தொடங்குவார்கள். வழி எங்கும் போகாது. உடையைக் கழற்றினால் நமக்குச் சிறகுகள் இருப்பது தெரியவரும். பறந்து மேலே போய்விடலாம். அந்தப் பகுதி, தன் பொறுப்பில் விடப்பட்ட ஒரு சிறுமிக்கு ஓர் இளம்பெண் சொல்லிக்கொண்டிருக்கும் கதை என்பது பிறகு விளங்கும். அப்போது விடையின் பொருளே மாறுகிறது. பாதையில் சிக்கிய குழந்தைக்குச் சிறகு கொடுத்தது கதை சொல்பவளின் அன்பு. நாம் எழுதிய 'உடையைக் கழற்று' என்ற கட்டளை ஒரு குழந்தை கதைக்கு நடுவே சொன்ன வார்த்தை. முழுக்கதையும் தெரிந்தபின் அந்த இளம்பெண்ணை நாம் மறக்கவே முடியாது. இங்கே புதிரின் கடினம் பூஜ்யத்துக்கு அருகில், எடை மிக அதிகம்.

அதே 1998இல் வந்த இன்னொரு படைப்பை இந்த வகையின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். ஆண்ட்ரூ பிளாட்கின் எழுதிய 'ஸ்பைடர் அண்ட் வெப்'. ஒரு பழைய நகரத்தின் முட்டுச்சந்தில், கைப்பிடியோ பூட்டோ இல்லாத கதவின் முன் நிற்கிறோம். நாம் சுற்றுலாப் பயணி. கதவு திறக்கவில்லை, திரும்பி நடக்கிறோம். சட்டென்று காட்சி மாறி, ஒரு விசாரணை அறையில் நாற்காலியில் பிணைக்கப்பட்டிருக்கிறோம். எதிரே நிற்பவர் நாம் சொன்னதை நம்பவில்லை. நீ கதவைத் திறந்து உள்ளே போனவன், மறுபடி சொல் என்கிறார். நாம் இதுவரை ஆடியது நிகழ்வு அல்ல, வாக்குமூலம்.

அதன்பின் ஒவ்வொரு காட்சியும் அப்படியே போகிறது. உளவாளியாக உள்ளே நுழைந்து, கருவிகளைப் பயன்படுத்தி, கதவுகளைக் கடக்கிறோம். காவலரிடம் அகப்பட்டுவிட்டால் விளையாட்டு முடிவதில்லை. விசாரிப்பவர் குறுக்கிட்டு, அங்கே நீ அகப்படவில்லை என்று எங்களுக்குத் தெரியும், பொய் சொல்லாதே என்கிறார். எல்லா விளையாட்டுகளிலும் ஆட்டக்காரர் செத்துச்செத்துத் திரும்ப முயல்வது வழக்கம். அந்தச் சலிப்பான வழக்கத்தைப் பிளாட்கின் வாக்குமூலத்தின் முரண்பாடாக மாற்றிவிட்டார். புதிரை அவிழ்ப்பது என்றால் எதிரிக்கு ஏற்கெனவே தெரிந்த தடயங்களோடு பொருந்தும் ஒரு கடந்தகாலத்தைச் சொல்வது என்றாகிறது. நாற்காலியில் இருக்கும்போது நம்மால் ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. ஆம், இல்லை என்று சொல்லலாம், பேசாமல் இருக்கலாம்.

ஒரு கட்டத்தில் அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்க வேண்டியிருக்கிறது. அதன் விடையை இங்கே எழுதப்போவதில்லை, தெரியாமல் ஆடுபவருக்குக் கிடைப்பதைப் பறிக்க எனக்கு மனமில்லை. அதன் அமைப்பை மட்டும் சொல்லலாம். விடை காண, இதுவரை நாமே நடத்திக்காட்டிய கதையில் ஓரிடம் உண்மையாக இருக்க முடியாது என்று நாம் உணர வேண்டும். விசாரிப்பவர் நம்பிவிட்டார், நாமும் நம்பிவிட்டோம். ஆனால் நாம் ஆட்டிவைப்பதாக எண்ணிய உளவாளி ஆரம்பத்திலிருந்தே நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தான். எதிரியிடமிருந்து மறைத்ததை நம்மிடமிருந்தும் மறைத்திருந்தான். உண்மையில் என்ன நடந்திருக்கும் என்று நாம் சிதறிய குறிப்புகளிலிருந்து ஊகித்த கணத்தில் நம் அறிவும் அவன் அறிவும் ஒன்றாகின்றன. வெற்று வரியில் அதற்குரியதை எழுதுகிறோம், நிகழ்கிறது. எந்தப் பட்டியலாலும் இதைச் செய்ய முடியாது. பட்டியலில் அந்தத் தேர்வு இருந்திருந்தால் எதிரிக்கு முன் நமக்குத் தெரிந்திருக்கும். நம்பத்தகாத கதைசொல்லி நாவலுக்குப் பழைய உத்திதான். வாசகரே அந்தப் பொய்யைச் சொல்லிவந்தவராகவும் அதைக் கண்டுபிடிப்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் வாய்ப்பை நாவல் தர முடியாது.

ஒரே கட்டளையில் முடியும் விளையாட்டும் உண்டு. சாம் பார்லோ 1999இல் எழுதிய 'ஐல்' ஒரு பேரங்காடியின் நடைபாதையில், தனியாக நிற்கும் ஓர் ஆணிடம் தொடங்குகிறது. ஏதாவது ஒன்றை எழுதுகிறோம், அதன் விளைவு வருகிறது, கதை முடிகிறது. மறுபடி முதலிலிருந்து. நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் உள்ளன. அவை ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை. ஒன்றில் அவன் இழந்த காதலியை நினைக்கிறான், இன்னொன்றில் அவன் மனநிலையே பிறழ்ந்திருப்பது தெரிகிறது. எதைக் கேட்கலாம் என்பதற்கு முந்தைய முடிவுகளே குறிப்பு. ஒன்றில் ஒரு பெயர் தட்டுப்பட்டால் அடுத்த முறை அந்தப் பெயரையே எழுதிப் பார்க்கிறோம்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2015இல், பார்லோ அதே யோசனையைக் காணொளி நாடகத்துக்குக் கொண்டுபோனார். 'ஹெர் ஸ்டோரி'யில் நம் முன் பழைய காவல்துறைக் கணினி ஒன்று இருக்கிறது. 1994இல் ஒரு பெண்ணிடம் நடத்தப்பட்ட ஏழு விசாரணைகளின் துண்டுத் துண்டான காணொளிகள் அதில் உள்ளன. தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டால் அந்தச் சொல் வரும் பதில்கள் கிடைக்கும். எத்தனை இருந்தாலும் காலவரிசையில் முதல் ஐந்தை மட்டுமே பார்க்க முடியும். ஆகவே பொதுச்சொல் பயன்படாது. பின்னால் நடந்ததை அடைய வேண்டுமென்றால் அந்தப் பெண் அங்கே மட்டும் சொல்லியிருக்கக்கூடிய சொல்லை நாம் ஊகிக்க வேண்டும். அவள் வீட்டைப் பற்றி, பொருள்களைப் பற்றி, பாடிய பாட்டைப் பற்றி அவளைப்போலவே யோசிக்க வேண்டும். அறை, திசை, கையிருப்பு எல்லாம் உதிர்ந்துபோய், வெற்று வரியும் வாசிப்பும் மட்டும் மிஞ்சிய விளையாட்டு இது. சொல்லைச் சரியாக ஊகித்தால் கதவு திறப்பதற்குப் பதில் ஒரு முகம் பேசத் தொடங்குகிறது.

போதிய அளவு பார்த்தபின் ஓர் உரையாடல் சாளரம் திறந்து, முடித்துவிட்டாயா, புரிந்ததா என்று கேட்கிறது. ஆம் என்று சொன்னால் முடிந்துவிடும். நம் விடை சரியா என்று அது சோதிப்பதில்லை. அட்வெஞ்சர் நமக்கு மதிப்பெண் போட்டது, ஸ்பைடர் அண்ட் வெப் நாற்காலியிலிருந்து எழவிட்டது. இங்கே அந்த உறுதிப்பாடும் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த அறையில் பேசியது ஒரு பெண்ணா, இரட்டையர் இருவரா என்று ஆடியவர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது ஒரே காணொளிகளைத்தான்: கையில் ஒரு பச்சைக்குறி, ஒரு பதிலில் தயக்கம், ஒரு பெயரை அவள் உச்சரிக்கும் விதம்.